ஏரித் தண்ணீரில் எரு: வேடந்தாங்கல் சொல்லும் கணக்கு

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



இந்தப் போகத்துக்கு வயலுக்கு என்ன உரம் போட்டீங்க என்று கேட்டால், தொழு உரம் இத்தனை வண்டி, யூரியா இத்தனை மூட்டை, பொட்டாஷ் இத்தனை கிலோ என்று உடனே கணக்குச் சொல்லிவிடுவீர்கள். மதகு வழியாக வந்த ஏரித் தண்ணீரில் எவ்வளவு உரம் வந்தது என்று கேட்டால்? தண்ணீர் தண்ணீர்தானே, அதிலே என்ன உரம் என்று சிரிப்பீர்கள். ஆனால் 200 வருஷத்துக்கும் முன்னாலேயே செங்கற்பட்டுச் சீமையில் ஒரு சின்ன ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தார்கள். தெரிந்து வைத்ததோடு நிற்கவில்லை. அதில் கை வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மீது கலெக்டரிடமே போய்ப் புகார் சொல்லி, எழுத்து மூலமாக உத்தரவும் வாங்கி வந்தார்கள். அந்த ஊர்தான் வேடந்தாங்கல்.

வேடந்தாங்கல் என்றதும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவை காட்டும் இடம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். அது சரிதான். ஆனால் முதலில் அது ஒரு பாசன ஏரி. பெயரிலேயே அது இருக்கிறது. தொண்டை மண்டலத்தில் பெரிய நீர்நிலையை ஏரி என்போம், சின்ன நீர்நிலையைத் தாங்கல் என்போம். வேடன் தாங்கல் என்பதுதான் வேடந்தாங்கல் ஆனது. மதுராந்தகம் வட்டத்தில், சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் பரப்புள்ள சின்ன ஏரி. நம்ம மாநிலத்தில் உள்ள 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களில் இதுவும் ஒன்று. ஆழம் அதிகமில்லை. தண்ணீருக்குள்ளேயே நின்று வளரும் கடப்ப மரங்கள் நிறைய உண்டு. அந்த மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன.

ஏரியைப் பொதுச் சொத்தாக வைத்துக் காப்பாற்றுவது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. இதே வட்டாரத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆட்களைக் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவை சொல்கின்றன. அதில் தோட்ட வாரியத்தோடு ஏரி வாரியம் என்றே தனியாக ஒரு குழு வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஊரே ஆள் நியமித்த சீமை இது. பிற்காலத்தில் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகிரின் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளிலும் ஊர் விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென்று பிரித்து வைத்த வழக்கம் தெரிகிறது.

இப்போது வேடந்தாங்கல் மக்கள் கலெக்டரிடம் போன விஷயத்துக்கு வருவோம். 1790-களில் செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. கலெக்டராக இருந்தவர் லயனெல் பிளேஸ். மதுராந்தகம் ஏரியையும் ஏரி காத்த ராமரையும் பற்றிச் சொல்லும்போது பெரியவர்கள் ஒரு துரை பெயரைச் சொல்வார்கள் அல்லவா, அதே பிளேஸ் துரைதான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டைக்கு வந்து வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் அவர்களுக்கு ஒரு கவுல் கிடைத்தது. கவுல் என்றால் அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு. ஏரியில் உள்ள பறவைகளை யாரும் துன்புறுத்தக் கூடாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்பது அதன் சாரம். 1858-ல் அந்த உரிமை மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது.

அவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? பறவைகள் மேல் இரக்கம் இருந்தது உண்மைதான். அதோடு இன்னொரு காரணத்தையும் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பறவை எச்சம் ஏரியில் விழுகிறது, எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, பயிர் நன்றாக வருகிறது என்பதுதான் அது. ஆக, சிப்பாய் சுட்டது பறவையை மட்டும் அல்ல, ஊரின் எருக்குழியையும்தான்.

அந்தக் காலத்தில் உலகத்தில் மற்றவர்களுக்கு இது எவ்வளவு தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடற்கரைத் தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. குவானோ என்று பெயர். அங்கே மழை அநேகமாகப் பெய்யாது, ஆகவே அது கரையாமல் கிடந்தது. இன்கா அரசர்கள் காலத்தில், பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அந்தத் தீவுகளில் காலடி வைப்பவர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள் என்று கார்சிலாசோ என்ற வரலாற்றாசிரியர் 1609-ல் எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவுக்கு இதன் மகிமை மெதுவாகத்தான் தெரிந்தது. ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் 1802-ல் பெருவில் அதைப் பார்த்து, மாதிரி எடுத்துப் போனார். பயிருக்கு எந்தெந்தச் சத்து தேவை என்று லீபிக் தம் வேதியியல் நூலை வெளியிட்டது 1840-ல். கப்பல் கப்பலாகக் குவானோ இங்கிலாந்துக்குப் போகத் தொடங்கியது 1841-க்குப் பிறகு. வேடந்தாங்கல்காரர்கள் கவுல் வாங்கியது 1798-ல்! தழைச்சத்து, மணிச்சத்து என்ற பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்திருந்தது.

பெரு நாட்டுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே எச்சம் பாறை மேல் விழுந்து காய்ந்தது. வெட்டி எடுத்து விற்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த குவியல் சில பத்தாண்டுகளில் தீர்ந்து போயிற்று. இங்கே எச்சம் தண்ணீரில் விழுகிறது. மூட்டை கட்ட முடியாது. ஏரியோடு சேர்ந்து, பருவத்தோடு சேர்ந்து, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் பயன்படுத்த முடியும். ஆகையால் ஏரியின் ஒரு வருஷத்தை மாதம் மாதமாகப் பார்ப்போம்.

ஆனி, ஆடியில் ஏரி வற்றிக் கிடக்கும். ஆடு மாடு மேய்ந்து சாணமும் புழுக்கையும் போடும். நன்றாகக் காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரே வேகத்தில் வேலை செய்து தழைச்சத்தை நைட்ரேட்டாக விடுவிக்கும். புது மழைக்குப் பிறகு புல் கருகருவென்று கிளம்புகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆவணி, புரட்டாசியில் விழும் மழை இந்த நைட்ரேட்டைக் கரைத்து எடுத்துக்கொண்டு வரத்துக்கால் வழியாக ஏரிக்கு வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. செம்மண் கலங்கலாக வெள்ளம் வரும். மணிச்சத்து தண்ணீரில் அதிகம் கரைந்து வராது. களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு வண்டலோடு வந்து அடியில் படியும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்ததும், தண்ணீரின் அளவு அதிகமானதால் சத்து நீர்த்துப் போயிருக்கும். மொத்தச் சத்து அதிகம்தான், ஆனால் ஒரு குடம் தண்ணீரில் இருப்பது கொஞ்சம். வருஷத்தில் ஏரித் தண்ணீர் ரொம்ப மெலிந்திருப்பது இந்த நேரத்தில்தான்.

இதே சமயத்தில் பறவைகள் வந்து சேர்கின்றன. நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, வெள்ளைக் கொக்கு, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, கூழைக்கடா என்று பல்லாயிரம் பறவைகள். மார்கழி, தை, மாசி மாதங்களில் குஞ்சு பொரித்து வளர்க்கும். குஞ்சுக்கு இரை தேடித் தாய்ப்பறவைகள் போவதும் வருவதுமாக இருக்கும். இரவும் பகலும் எச்சம் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கும். எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். அது நுண்ணுயிர்களால் முதலில் யூரியாவாகவும், பிறகு அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. கடையில் வாங்கும் யூரியா வயலில் போகும் வழியும் இதே வழிதான். மணிச்சத்தும் கூடவே சேரும். தை பிறந்த பிறகு மரங்களைச் சுற்றியுள்ள தண்ணீர் பச்சையாக மாறுவதை நீங்களே பார்க்கலாம். சத்து ஏறிவிட்டது என்பதற்கு அந்தப் பச்சை ஓர் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத பாசி அதைச் சாப்பிட்டு வளர்கிறது.

பங்குனி, சித்திரையில் மதகு வழியாகவும் வெயிலிலும் தண்ணீர் குறையும். குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் உப்பும் சத்தும் செறிவடையும். குழம்பு சுண்டுவது மாதிரிதான். ஆனால் தழைச்சத்து எல்லாம் அப்படியே மிஞ்சாது. பிற்பகலில் பாசி நிறைந்த தண்ணீரின் காரத்தன்மை ஏறும்போது அம்மோனியா கொஞ்சம் காற்றோடு போய்விடும். அடிச்சேற்றில் காற்றில்லாத இடத்தில் நைட்ரேட்டும் வாயுவாக மாறிப் போய்விடும். மணிச்சத்து எங்கும் பறந்து போகாது. அது சேற்றில் இரும்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சேற்றில் பிராணவாயு இல்லாமல் போனால் அங்கிருந்து கழன்று மறுபடி தண்ணீருக்கு வரும். வைகாசியில் சேறு வெளியே தெரிந்து, காய்ந்து, பாளம் பாளமாக வெடிக்கும். தழைச்சத்து தண்ணீரோடு போகும், மணிச்சத்து வண்டலோடு தங்கும் என்று சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஓர் அழகு உண்டு. இந்தப் பக்கத்தில் சம்பாவுக்குப் பிறகு வருவது நவரைப் பட்டம். மார்கழி, தையில் நடுவோம், சித்திரை வாக்கில் அறுப்போம். பயிர் தூர் கட்டும் காலமும், ஏரித் தண்ணீரில் சத்து ஏறும் காலமும் ஒன்றாக வருகின்றன. யாரும் திட்டம் போட்டு அமைத்ததில்லை. மழையும் பறவையும் பயிரும் ஒரே நாட்காட்டியில் ஓடுகின்றன. முன்னோர்கள் இதைக் கவனித்தார்கள்.

"அப்படியானால் யூரியாவே வேண்டாமா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி நான் சொல்ல மாட்டேன். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நெல் வயலுக்கு ஒரு போகத்தில் மொத்தமாக 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினோம் என்று வைத்துக்கொள்வோம். அது 10,000 கன மீட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால், வயலுக்கு வந்து சேர்வது 10 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 4 கிலோ. லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால் ஏக்கருக்கு 12 கிலோ. இது சுமார் 26 கிலோ யூரியாவுக்குச் சமம். அரை மூட்டைக்கு மேலே! பயிருக்கு வேண்டிய முழுச் சத்தும் இதில் அடங்காது. ஆனாலும் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடிய அளவும் இல்லை.

கணக்கில் சேர்க்காவிட்டால் காசு நஷ்டம் மட்டும் அல்ல. தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கும். பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம் பனிக்காலத்தில் குலைநோய் வரும், இலைச் சுருட்டுப்புழுவும் புகையானும் வரும், கதிர் முற்றும்போது பயிர் சாய்ந்துவிடும். ஆகவே சத்து ஏறிய ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் மேலுரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சை குறைந்தால் மட்டும் யூரியா போடுங்கள். அட்டையின் விலை கொஞ்சம்தான். மிச்சமாகும் யூரியாவின் விலை அதைவிடப் பல மடங்கு.

பறவை கொண்டுவரும் இந்தச் சத்து எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து வருவதில்லை. நத்தைக்குத்தி நாரை சுற்று வட்டார வயல்களில் நத்தை பொறுக்குகிறது. கொக்கும் வக்காவும் தவளை, மீன், பூச்சி பிடிக்கின்றன. கூழைக்கடாவும் நீர்க்காகமும் வேறு ஏரிகளில் மீன் பிடிக்கின்றன. பல ஊர் வயலிலும் ஏரியிலும் சிதறிக் கிடக்கிற சத்தை அள்ளிக்கொண்டு வந்து ஒரே ஏரியில் கொட்டுகின்றன. சம்பளம் வாங்காத வண்டிக்காரர்கள்! அப்படியென்றால் வேடந்தாங்கலின் வளம் வேடந்தாங்கலில் மட்டும் இல்லை. சுற்றியுள்ள வயல்களில் நத்தையும் தவளையும் உயிரோடு இருந்தால்தான் அது உண்டு. பக்கத்து ஊரில் தேவைக்கு மேல் பூச்சிமருந்து அடித்தால், அங்கே வயல் மனைக்கட்டாக மாறினால், சின்னக் குட்டையைத் தூர்த்தால், இங்கே ஏரியில் விழுகிற எரு குறைந்துபோகும்.

பறவை தங்க இன்னொன்றும் வேண்டும். மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை காட்டுப்பூனை, நரி போன்றவை கூட்டுக்கு எளிதில் வர முடியாது. மாசியிலேயே மதகை முழுவதும் திறந்து ஏரியைக் காலி செய்தால் குஞ்சுகள் தப்பாது. அடுத்த வருஷம் பறவை யோசிக்கும். பாசனத்துக்கும் பறவைக்கும் தண்ணீரைப் பங்கு போடத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சத்து நல்லது என்று எல்லையில்லாமல் சேர்ந்தால் ஏரி கெட்டுவிடும். நம்ம நாட்டில் நீர்நிலை ஆராய்ச்சிக்கு முன்னோடிகளில் ஒருவர் எஸ்.வி. கணபதி. அவர் 1940-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் பூத்துக் கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றியது. கோயில் குளத்துக்குச் சத்து வந்துகொண்டே இருக்கும், வெளியே போக மதகு கிடையாது. பாசன ஏரிக்கு மதகு உண்டு, கலங்கல் உண்டு, வருஷா வருஷம் கோடை உண்டு. சேர்ந்ததை வெளியேற்றிக்கொள்ள அதற்கு வழி இருக்கிறது. அந்த வழி அடைபடும்போதுதான் ஆபத்து.

பழைய காலத்தில் ஏரிக்குள் வந்தது சாணம், இலை தழை, பறவை எச்சம். பிறகு காலம் மாறியது. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-ல் இராணிப்பேட்டையில் தொடங்கியது. 1960-களின் பிற்பகுதியில் ஏ.டி.டி. 27 போன்ற புதிய ரகங்கள் வந்தபின் யூரியாவின் உபயோகம் ஊரெங்கும் பரவியது. விளைச்சல் கூடியது, பஞ்சம் தீர்ந்தது, அதை மறக்கக் கூடாது. ஆனால் மேல் வயலில் பயிர் எடுக்காத உரம் மழையில் கரைந்து கீழ் ஏரிக்கு வருகிறது. ஊர்ச் சாக்கடையும் பல இடங்களில் வரத்துக்காலில் கலக்கிறது. இன்னொரு பக்கம், மோட்டார் கிணறு வந்தபின் ஏரியைக் கவனிப்பது குறைந்தது. 1960-களில் தமிழ்நாட்டின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரிப் பாசனம் இருந்தது. இன்று ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வண்டி கட்டி வண்டல் அடிக்கும் வழக்கமும் அதோடு நின்றது. உள்ளே வருவது அதிகமானது, வெளியே எடுப்பது குறைந்தது. வரவு மட்டும் எழுதிச் செலவு எழுதாத கணக்கு இது. அதன் பலனாகத்தான் பல ஏரிகளில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பாசி இரவில் பிராணவாயுவை இழுத்துக்கொள்வதால் வரும் வினை அது.

வேடந்தாங்கல் மட்டும் தன் பழைய உரிமையை விட்டுவிடவில்லை. 1936-ல் அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. தூரம் சரணாலய எல்லை என்று ஆனது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. சட்டமும் பட்டியலும் பின்னால் வந்தவை. முதலில் காத்தது ஊர்தான். இப்படிப்பட்ட ஊர்கள் இன்னும் உண்டு. நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பக்கத்துக் கிராம மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: ஏரித் தண்ணீரை வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏரி நிரம்பியதும் கார்த்திகையிலும், வற்றத் தொடங்கும் மாசி, பங்குனியிலும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரே தடவை பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். சுத்தமான பாட்டிலில், மதகுக்குப் பக்கத்தில், மேல் பாசியை ஒதுக்கிவிட்டு எடுத்து, அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

இரண்டு: சரணாலயம் அல்லாத ஏரிகளில், வைகாசி, ஆனியில் முறையான அனுமதி பெற்று மேல் வண்டலை எடுத்து வயலுக்கு அடியுங்கள். மணற்பாங்கான நிலத்துக்கு அது ரொம்ப ஏற்றது. முன்பே களியாக இருக்கும் நிலத்துக்கு மண் பரிசோதனை செய்யாமல் அடிக்க வேண்டாம். கரையை ஒட்டியும் மரத்தைச் சுற்றியும் தோண்டக் கூடாது. சரணாலய ஏரியில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது.

மூன்று: வரத்துக்கால் ஓரத்தில் சில அடி அகலத்துக்குப் புல் வளர விடுங்கள். வயலிலிருந்து வழியும் உரத்தையும் வண்டலையும் புல் பிடித்துக்கொள்ளும். மழை வருகிற அன்றைக்கு யூரியா போடாதீர்கள்.

நான்கு: நத்தையையும் தவளையையும் பார்த்த உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அவற்றைத் தின்ன நாரை வருகிறதா என்று பாருங்கள். அந்த நாரையின் எச்சம் ஏதோ ஓர் ஏரி வழியாக நம்ம வயலுக்கே திரும்பி வருகிறது.

1798-ல் வேடந்தாங்கல் ஜனங்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை, இலை வண்ண அட்டை இல்லை. ஏரியை வருஷம் முழுக்கக் கண் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது. எது வருகிறது, எப்போது வருகிறது, யார் கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்ததால்தான் கலெக்டருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கேட்க முடிந்தது. உங்கள் ஊர் ஏரியையும் அப்படிப் பாருங்கள்.